மஞ்சள் லண்டனில் ஒரு பச்சைப் புல்தரை

லண்டனுக்கு நான் போனது புல் பார்க்க. சொன்னால் சிரிப்பார்கள், எங்கள் தெருவில் சிரித்தார்கள். ஆனால் என் பிழைப்பு அது. விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னையில் வில்லாக்களுக்குப் புல்தரை போட்டுத் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கொரியன் கிராஸ், மெக்சிகன் கிராஸ் என்று பாய் பாயாகக் கொண்டுவந்து விரிப்போம். குடியிருப்பவர்கள் அதன்மேல் ஊஞ்சல் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் லாரி இன்னும் வரவில்லையே என்று போன் பேசுவார்கள்.

கேளம்பாக்கம் தாண்டி எங்களுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. முதலாளி கூப்பிட்டார். "லண்டன்ல தோட்டக் கண்காட்சி நடக்குதாம். போய்ப் பாத்துட்டு வா. வரும்போது பிரோஷர் அட்டைக்கு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடு. நெஜமான லண்டன் லான். நெட்ல காசு குடுத்து வாங்குற படம் வேணாம், எல்லாரும் அதையேதான் போடறான்."

விமானம் தாழ்ந்தபோது ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தேன். ராமநாதபுரம் தெரிந்தது. சத்தியமாக அதே நிறம். வயல், பூங்கா, கால்பந்து மைதானம் எல்லாம் வறுத்த ரவை மாதிரி கிடந்தன. நடுநடுவே மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன.

நான் தங்கியது தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ராணி அக்கா வீட்டில். அவருடைய தங்கை சென்னையில் எங்கள் மாடியில் குடியிருக்கிறார், அந்த உரிமை. இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். அவர் கணவர் ஜெயம் அண்ணை ஒரு பூங்காப் பராமரிப்புக் கம்பெனியில் வேலை செய்கிறார். மகள் டிலானி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள்.

காரில் வரும்போதே ஜெயம் அண்ணை சொல்லிவிட்டார். "இந்தமுறை மழை இல்லைப் பிள்ளை. ஹோஸ் பைப்புக்குத் தடை போட்டிருக்கினம். பூவாளியால வாக்கலாம், பைப் பிடிக்க ஏலாது. புல்லுக்கெண்டால் பூவாளியும் வேண்டாமெண்டுதான் நாங்கள் சொல்லுறது."

"நாங்கன்னா யாரு அண்ணா?"

"கொம்பனி. பார்க்குகளில போர்டு அடிக்கிறது நான்தானே."

அப்படியானால் முதலாளி கேட்ட போட்டோ?

கார் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. ஒட்டி ஒட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாய் அகலத்தில் புல். மஞ்சள், மஞ்சள், காவி, மஞ்சள். கடைசிக்கு முந்தின வீட்டில் மட்டும் பச்சை. சும்மா பச்சை இல்லை. முழங்கையை ஊன்றிப் படுக்கலாம் போன்ற பச்சை. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றி வேலியோரம் எறிந்துவிட்டு, குனிந்து, உட்கார்ந்து, ஏறக்குறையப் படுத்துப் படம் எடுத்தேன். அது ஜெயம் அண்ணையின் வீடு என்பதே அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"ஐயோ, முதல் உள்ளுக்கு வாரும் பிள்ளை," என்றார் வாசலில் நின்ற ராணி அக்கா. "புல்லு எங்கை ஓடப்போகுது?"

இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்திருந்தார். சொதி என்பது நம் ஊர்க் குழம்பு, சாம்பார் எதற்கும் சொந்தமில்லை. தேங்காய்ப்பாலில் மஞ்சள் விழுந்த மென்மையான ஒன்று. மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டதும் குளிக்க அனுப்பினார். கூடவே ஒரு உத்தரவு.

"தொட்டிக்குப் பிளக்கைப் போட்டிட்டுக் குளியும். முடிஞ்சாப்போல தண்ணியைத் திறந்து விட்டிடாதையும்."

மாடிக் குளியலறையில் அழகான வெள்ளைத் தொட்டி. அதற்குள் ஒரு வாளி, ஒரு ஜக். ஆங்கிலேயர்கள் படுத்துக் கிடக்கும் தொட்டிக்குள் நின்று, வாளியில் பிடித்து, அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் குளிப்பது போலவே இருந்தது. ஊற்றின தண்ணீர் காலடியில் தேங்கியது. குளித்து வந்ததும் ராணி அக்கா உள்ளே போய், தொட்டிக்குள் ஒரு குழாயை இறக்கினார். அதன் நடுவில் ரப்பர் பந்து போல ஒன்று; நான்கு அமுக்கு அமுக்கினார். தண்ணீர் ஏறிக்கொண்டது. குழாய் ஜன்னல் வழியே இறங்கி, வீட்டின் பக்கச் சந்தில் ஓடி, முன்பக்கப் புல்லில் போய் விழுந்தது.

என் படத்தின் இடது ஓரத்தில் இருந்த பச்சைக் குழாய் அதுதான்.

திங்கட்கிழமை கண்காட்சிக்குப் போனேன். அதற்கு முன் டிராம். டிராம் என்றால் எனக்கு அளவில்லாத ஆசை. ஆசையில் எதிர்த் திசை வண்டியில் ஏறி, விம்பிள்டன் போக வேண்டியவள் க்ராய்டனில் இறங்கினேன். பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர், மடியில் மூடி போட்ட பூவாளி. தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். "மனைவிக்கு," என்றார். பிறகு, "கல்லறைத் தோட்டத்தில் குழாயை மூடிவிட்டார்கள். அவள் ரோஜா விஷயத்தில் ரொம்பக் கறார்," என்றார். இறங்கும்போது தொப்பியைத் தொட்டு விடைபெற்றார்.

சுரங்க ரயிலுக்குள் நம் ஊர் இட்லிக் குண்டானின் வெப்பம். வெயிலில் தண்டவாளம் சூடேறியதால் மெதுவாகப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. சென்னையில் இந்த வெயிலை மார்கழி என்போம் என்று எழுத ஆசைதான். அவ்வளவு பொய் சொல்லக் கூடாது. பங்குனி எனலாம்.

கண்காட்சியில் புல் விற்கிறவர்கள் யாருமில்லை. புல் இல்லாமல் இருப்பது எப்படி என்பதை விற்றார்கள். கூழாங்கல், மரப்பட்டைத் துண்டு, காட்டுப்பூ விதை. ஒரு கடையில் காய்ந்த புல்லுக்கு அடிக்கும் பச்சைச் சாயம். தெளிப்பானோடு நின்ற பையன் செயல்முறை விளக்கம் காட்டினான். "மழையில் போகாதா?" என்று கேட்ட ஒரு பெண்மணியிடம், "மழை வந்தால் உங்களுக்கு இது எதற்கு, மேடம்?" என்றான். நியாயமான பதில். மத்தியானம் ராணி அக்கா கட்டிக்கொடுத்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் நொறுங்கும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே ஒருவர் பிளாஸ்டிக் பெட்டியில் இலை தின்றுகொண்டு என் புட்டையே பார்த்தார்.

இரவு முதலாளிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சூப்பர்மா. இதுதான் அட்டை."

மறுநாள் எனக்கு வேலையில்லை. ஜெயம் அண்ணையோடு அவர் வண்டியில் தொற்றிக்கொண்டேன். பூங்கா பூங்காவாகப் போய் போர்டு நடுகிற வேலை. 'இந்தக் கோடையில் இங்கே புல்லுக்குத் தண்ணீர் விடுவதில்லை. இது சாகவில்லை. தூங்குகிறது. மழை வந்ததும் எழும்பும்.' அவர் சுத்தியலால் அடிக்க, நான் போர்டைப் பிடித்தேன். நாயோடு வந்த ஒருவர் நின்று படித்தார். "பொய்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒவ்வொரு நாளும் நாலு பேர் இப்பிடிச் சொல்லுவினம்," என்றார் ஜெயம் அண்ணை. "மற்ற நாலு பேர் தங்கட புல்லின்ர படத்தை போனில காட்டி, இது நித்திரையோ செத்துப்போச்சோ எண்டு கேப்பினம். டொக்டர் மாதிரி நானும் பாக்கிறது."

தேநீர் குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். வருடக்கணக்காகப் புல் வெட்டி, இலை கூட்டி, போர்டு அடித்த பிறகு, இப்போது சூப்பர்வைசர் வேலைக்கு அவர் பெயர் போயிருக்கிறது. "வெள்ளிக்கிழமை சொல்லுவினம். முழங்கால் இனிக் கேக்காது பிள்ளை. இந்தமுறை கிடைக்காட்டி இன்னொரு முறை எண்டு ஒண்டு இல்லை. ராணிக்கு இன்னும் சொல்லேல்லை, கிடைச்சாப்பிறகு சொல்லுவம் எண்டு."

சொல்லி முடிக்கவும் அவர் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். பேசி முடித்ததும், கொம்பனிக்கு வந்த புகார் என்று போனை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு படம்: அவர் வீட்டு முன்பக்கம், பச்சைப் புல், அதில் தண்ணீர் ஊற்றும் ஹோஸ் பைப். கீழே யாரோ எழுதியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் போர்டு வைக்கிற உங்கள் ஆள், தன் வீட்டில் செய்வதைப் பாருங்கள்.

"மனேஜர் வியாழக்கிழமை பின்னேரம் வீட்டை வந்து பாக்கப்போறாராம்," என்றார். அதன்பிறகு நட்ட இரண்டு போர்டும் சாய்வாகத்தான் நின்றன.

வீட்டில் இனி மறைக்க வழியில்லை. சூப்பர்வைசர் வேலை, புகார் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ராணி அக்கா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது மேலயிருந்து எடுத்த படம். எந்த ஜன்னலெண்டு எனக்குத் தெரியும்."

எல்லோரும் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தோம். அங்கே மார்கரெட் என்ற மூதாட்டி தனியாக இருக்கிறார். திரைச்சீலை அசையாமல் தொங்கியது.

"போய்க் கேக்கட்டோ?" என்றாள் டிலானி.

"பேசாமல் இரு. கேட்டால் ஓம் எண்டு சொல்லவோ போறா?"

"குழாய்த் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டாப் போதுமே அக்கா," என்றேன் நான். படித்த பெண்ணின் யோசனை.

"ஓம், ரோட்டில போற ஒவ்வொருத்தரையும் மறிச்சுச் சொல்லுவம்."

அந்தப் புல் ராணி அக்காவுடையது. வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் இதை வாங்கியபோது முன்பக்கம் வெறும் சிமென்ட். கார் விட வசதி என்று மற்றவர்கள் சிமென்ட் ஊற்றிய காலத்தில் இவர் ஆள் பிடித்து உடைத்து, மண் போட்டு, விதை தூவி வளர்த்திருக்கிறார். தொட்டிக் குழாய் ஏற்பாடும் அவர் கண்டுபிடித்ததுதான். ஷாம்பு நிறைய விழுந்த நாளில் மட்டும் தண்ணீரை வெளியே விடாமல் வடிகாலுக்கே திறந்துவிடுவார்.

புதன்கிழமை கிங்ஸ்பரியில் இருக்கும் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டிலும் பச்சைப் புல்! ஓடிப்போய் வெறுங்காலை வைத்தேன், தோசைக்கல். பிளாஸ்டிக். "தண்ணி வேணாம், வெட்ட வேணாம், ஒரே ஒரு கஷ்டம், ஆறு மணிக்கு மேலதான் நடக்க முடியும்," என்றாள். இரண்டு காலையும் வாளிக்குள் வைத்துக்கொண்டு பழைய கதை பேசினோம். அந்த வாளித் தண்ணீரை அவள் சிங்க்கில் ஊற்றியபோது என் கை தானாகத் தடுக்கப் போனது. மிச்சம் வீடு அதற்குள் என்னைப் பழக்கிவிட்டிருந்தது.

வியாழன் சாயங்காலம் மனேஜர் வந்தார். வெயிலில் சிவந்த கழுத்து, மரியாதையான ஆள், வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். ராணி அக்கா தேநீரும் மீன் ரோல்ஸும் வைத்தார். ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமா என்று கேட்டார். ஜெயம் அண்ணை அவரை மாடிக்குக் கூட்டிப்போனார். பின்னால் நாங்கள் எல்லோரும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டியில் கிடப்பது நான் குளித்த தண்ணீர். வெளியே சுற்றிவிட்டு வந்து ஆசை தீரக் குளித்திருந்தேன். மனேஜர் கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். மேலே என் முடி ஒன்று சுருண்டு மிதந்தது. சுவரில் இருந்த டைல்ஸை எண்ணுவது போல நான் திரும்பிக்கொண்டேன்.

"நான் அமுக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டு, ரப்பர் பந்தை அவரே அமுக்கினார். பிறகு குழந்தை மாதிரிப் படியிறங்கி ஓடி, வாசலில் தண்ணீர் விழுவதைப் பார்த்தார். கையில் ஏந்தி முகர்ந்தார். "சந்தனம்," என்றார். என் சோப்பு.

தீர்ப்பு சாப்பாட்டு மேசையில். "தடை, குடிநீர்க் குழாயில் ஹோஸ் மாட்டிப் பிடிக்கும் தண்ணீருக்குத்தான். குளித்த தண்ணீருக்கு இல்லை. ஜெயம், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் தெருவில் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? நாளைக்கு உங்களை சூப்பர்வைசர் என்று அறிவித்தால் இதே படம் மறுபடி வரும், எனக்கு மேலே உள்ளவர்களுக்கும் போகும். ஒரு போர்டு வையுங்களேன். நீங்கள்தானே அதில் கைதேர்ந்தவர்." சிரித்தார். "இந்தப் புல் எங்கள் குளியல் நீரில் வாழ்கிறது. நல்ல வாசகம். நானே அச்சடித்துத் தருகிறேன். காலைக்குள் போர்டு நிற்கட்டும், இல்லையென்றால் குழாயை எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று."

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை ராணி அக்கா சிரித்தபடி கையசைத்தார். கதவைச் சாத்தினார்.

"குளியல் நீரோ? நானும் என்ர குமர்ப்பிள்ளையும் குளிச்ச தண்ணியெண்டு ரோட்டுக்குப் போர்டு போடுறதோ?"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் வாட்டர்."

"நீ வாயை மூடு. உன்ர தண்ணிதான் நுரையோட போறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போற சனம் முழுக்க இந்த ரோட்டாலதான் போகுது. நிண்டு நிண்டு வாசிக்குங்கள்."

ஜெயம் அண்ணை மெதுவாக, "இதில என்ன வெக்கம்? தண்ணியை மிச்சம் பிடிக்கிறம். நல்ல விசயந்தானே," என்றார்.

"அப்ப உங்கட பேரை மட்டும் போடுங்கோ. ஜெயம் குளிச்ச தண்ணி எண்டு."

அவர் யோசித்துப் பார்த்தார்; அதுவும் சரிவராது என்று முகத்தில் தெரிந்தது.

என் முடி மிதந்த தண்ணீரை ஒரு அந்நிய மனிதர் முகர்ந்து பார்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போர்டு ஒரு அருமையான யோசனை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

ராணி அக்கா எழுந்து வெளியே போனார். சந்தில் குழாய் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து குழாயைச் சுருட்டி இழுத்துப்போய், வீட்டுப் பின்பக்கம் தக்காளியும் பச்சைமிளகாயும் நின்ற இடத்தில் போட்டுவிட்டு வந்தார்.

"போர்டும் வேண்டாம், புல்லும் வேண்டாம்," என்றார். "மனேஜருக்கு போன் பண்ணிச் சொல்லுங்கோ. நித்திரை கொள்ளட்டும். நீங்கள்தானே ஊர் முழுக்க எழுதி வைக்கிறியள், சாகாதெண்டு."

வெள்ளிக்கிழமை ஜெயம் அண்ணை ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "டிலானி, சூப்பர்வைசர் ஐயா வந்திருக்கிறார், கதிரையைத் துடை," என்றார் ராணி அக்கா. துடைக்காமலே அவர் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, ஒரு ரோல்ஸ் தின்றார். பிறகு இன்னொன்று.

வெயில் குறையவே இல்லை. வாரக் கடைசியில் புல்லின் ஓரம் வெளுத்தது. நான் கிளம்பும் அன்று நடுவில் ஒரு தட்டு அளவு மட்டும் பச்சை மீந்திருந்தது. தெருவில் யாரும் இப்போது அந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் பெட்டியைக் காரில் ஏற்றும்போது எதிர்வீட்டு மார்கரெட் வந்தார். தடியை ஊன்றி, தெருவைக் கடந்து, புல்லின் முன்னால் நின்றார்.

"ஐயோ, இதற்கு என்ன ஆனது? தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே ஜன்னலில் இதைத்தான் பார்ப்பேன். இந்தத் தெருவில் பார்க்க இருந்தது இது ஒன்றுதான்."

ராணி அக்கா கண் இமைக்கவில்லை. "தடைதானே," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வீட்டுப் பின்பக்கம் போய் ஒரு பை நிறையப் பழுத்த தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். மார்கரெட் ஒன்றை எடுத்து முகர்ந்து, இத்தனை வறட்சியில் எப்படி இவ்வளவு நன்றாக வளர்த்தீர்கள் என்று வியந்தார். கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதுகைப் பார்த்தபடி ராணி அக்கா என்னிடம் தமிழில் சொன்னார்: "எங்கட குளிச்ச தண்ணிதான். வடிவாத் தின்னட்டும்."

சொன்னவர், அந்தத் தட்டளவு பச்சையைச் செருப்புக் காலால் ஒருமுறை தடவிவிட்டுக் காரில் ஏறினார்.

சென்னையில் இறங்கிய வாரமே பிரோஷர் வேலை தொடங்கிவிட்டது. அட்டையில் என் படம், 'லண்டன் தரத்தில் உங்கள் வாசல்' என்று முதலாளி எழுதிய வாசகத்தோடு. வடிவமைப்பாளர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், இடது பக்க ஓரத்துல பச்சையா பாம்பு மாதிரி ஒண்ணு கிடக்குதே, என்னது அது? வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க," என்றேன். "அது அவங்க வீட்டு விஷயம்."